ஒரு வலை, இரண்டு நல்ல கோலிகள்: கேள்வி பதில்

ஐஸ் ஹாக்கியில் ஒரே அணியில் இரண்டு வலுவான கோலிகள் (வலையைக் காக்கும் கோல்கீப்பர்கள்) இருந்தால் ஆட்டங்களை எப்படிப் பிரிப்பது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். கோலிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஒரே கோலிதானே ஆடினார்? இப்போது மட்டும் ஏன் இந்தப் பங்கீடு?

உண்மைதான். கிளென் ஹால் 1955-லிருந்து 1962 வரை, முகமூடிகூட இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டம் ஆடினார். கிராண்ட் ஃபியூர் 1995-96-இல் 79, மார்ட்டின் ப்ரோடூர் 2006-07-இல் 78. இன்றைக்கு 60-ஐத் தொடுகிறவர்களே குறைவு. வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்எச்எல்லில் ஒரு சீசனுக்கு 80-க்கும் மேல் ஆட்டம், சில வாரங்களில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இரண்டு ஊர், அதோடு இந்தக் கால கோலி ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழங்காலை மடக்கி விழுந்து எழுகிறார், இடுப்பு எவ்வளவுதான் தாங்கும்? ஆனால் பங்கீடு புதிதில்லை. 1964-65-லேயே டொரான்டோ அணியில் ஜானி பௌவரும் டெரி சாவ்சக்கும் கோலிகளுக்கான வெசினா கோப்பையைச் சேர்ந்தே வாங்கினார்கள்.

மாறி மாறி இறக்குவதா, ஜெயிக்கிறவரையே தொடரவிடுவதா?

எதுவாக இருந்தாலும் சரி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 'ஜெயித்தால் அடுத்ததும் உனக்கு' என்ற முறையில் வலையில் நிற்கிறவர் ஒவ்வொரு கோலையும் தன் வேலைக்கு வந்த ஆபத்தாகப் பார்க்கிறார், அப்புறம் பயந்து பயந்து வலைக்குள்ளேயே பின்வாங்கி நிற்கிறார். ஷாட் அடிப்பவனுக்கு வலை அகலமாகத் தெரியும்.

எங்கள் அணியில் பத்து ஆட்டத்தில் தடுத்த ஷாட்டுகளின் விகிதம் ஒருவருக்கு .925 (ஆயிரத்துக்கு 925), இன்னொருவருக்கு .905. முதல் ஆளுக்கே கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ஆட்டத்துக்கு 30 ஷாட் என்றால் பத்து ஆட்டத்தில் 300. அந்த வித்தியாசம் மொத்தம் ஆறு கோல். தடுப்பாட்டக்காரர் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியவை எத்தனை, ஆள் மறைத்ததால் பக்கையே (ஆடும் ரப்பர் வட்டு) பார்க்க முடியாமல் போனவை எத்தனை என்று வீடியோவில் எண்ணிப் பாருங்கள். ஆறில் பாதி அதிலேயே போய்விடும்.

இரண்டு பேரில் யார் சிறந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பாருங்கள்.

பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) மட்டும் ஒருவரையே நம்ப வேண்டும் என்கிறார்களே?

இதில்தான் எனக்கு ஊரோடு சண்டை. 2022-23 பாஸ்டன் புரூயின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோலிகளில் லீனஸ் உல்மார்க் 49 ஆட்டம், ஜெரமி ஸ்வேமன் 37. 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே என்எச்எல் சாதனை. குறைந்த கோல் விட்ட அணியின் கோலிகளுக்குத் தரும் ஜென்னிங்ஸ் விருது இருவருக்கும், சிறந்த கோலிக்கான வெசினா உல்மார்க்குக்கு. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்க்கவே ரசிகர்கள் காத்திருப்பார்கள். ஆறு மாதம் அப்படி ஆடிய அணி, பிளேஆஃப் முதல் சுற்றில் (நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் முன்னேறுவார்) ஃபுளோரிடாவுக்கு எதிராக முதல் ஆறு ஆட்டத்தையும் உல்மார்க்குக்கே கொடுத்தது. 3-1 முன்னிலை 3-3 ஆனது. ஏழாவதில்தான் ஸ்வேமனைத் தொடங்கவிட்டார்கள், கூடுதல் நேரத்தில் தோற்றார்கள்.

அதற்குப் பங்கீடு என்ன செய்யும்? வெசினா வாங்கியவரை எந்தப் பயிற்சியாளர் உட்காரவைப்பார்?

வெசினா வாங்கியதே 33 இரவு ஓய்வெடுத்த கோலிதான்! ஐந்தாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வலைக்குப் பின்னால் பக்கைக் கோட்டைவிட்டு அது கோலானது, ஆறாவதில் ஆறு கோல். ஸ்வேமனை மூன்றாவதோ நான்காவதோ ஆட்டத்தில் இறக்கியிருந்தால் அது யாருக்கும் தண்டனையாகத் தெரிந்திருக்காது, சீசன் முழுக்கப் பழகிய வழக்கம்தானே.

2017 பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் அணி? நடுவில் கோலியை மாற்றித்தானே ஜெயித்தார்கள்?

நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமானது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் மேட் மர்ரி காயம்பட்டார். இன்னொரு கோலி மார்க்-ஆந்த்ரே ஃபிளூரி இரண்டு சுற்றைக் கடத்திக் கொடுத்தார். அடுத்த சுற்றில் ஒட்டாவாவோடு மூன்றாவது ஆட்டத்தில் அவர் சரிந்தபோது மர்ரி திரும்பி வந்து கோப்பை வரை போனார். இரண்டு பேரும் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது.

ஒருவருக்கே பழகிய அணி திடீரென மாற்றினால்?

அது வேறு விஷயம், அங்கே உங்கள் கட்சிதான் சரி. ஆறு மாதம் உட்கார்ந்தே இருந்தவரை பிளேஆஃப் தொடங்கும் ஏப்ரலில் எழுப்பாதீர்கள்.

புல்தரை ஹாக்கியிலும் இப்படித்தானா?

அது என் துறை இல்லை. அந்த ஆட்டத்தின் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒருவர் நன்றாக ஆடுகிறார், அவருக்கே…

பத்தே போதாது என்றேன். ஐந்து எப்படிப் போதும்?

என் மகள் ஒன்றுவிட்டு ஒரு ஆட்டம் உட்காருகிறாள். இரண்டு பேருமே நன்றாக ஆடுகிறார்கள். அவள் வாடிப்போகிறாள்.

உட்காருகிற நாளில் அவளுக்கு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அணியில் ஒரு பெண் பெஞ்சின் கதவைத் திறந்து மூடிக்கொண்டே எதிரணியின் ஒவ்வொரு ஷாட்டையும் கையுறைப் பக்கமா, மட்டைப் பக்கமா என்று மனதில் குறித்துவைத்து, இடைவேளையில் வலையில் நிற்கிறவளிடம் சொல்வாள். மறுவாரம் மற்றவள் இவளுக்குச் சொல்வாள். பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடுத்த ஆட்டம் யாருக்கு என்று முந்தின நாளே தெரிய வேண்டும். உடைமாற்றும் அறையில் கால் பேட் கட்டும்போது தெரிந்துகொள்ளக் கூடாது.