பழைய காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும்போது துருப்பிடிக்காமல் காப்பது எப்படி?

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்ந்து செம்பழுப்பாக உதிர்வதுதான் துரு. காற்றைத் தடுக்க முடியாது. ஈரத்தைக் குறைக்கலாம்.

கூரைக்கடியில் நிற்கும் காருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்க்கிறது அல்லவா, அதே கதைதான். இரவில் குளிர்ந்த தகட்டின் மேல் காலையில் வெதுவெதுப்பான காற்று பட்டதும் நீர் கோத்துக்கொள்கிறது. அதுவும் கதவின் உட்புறம், தகடுகள் மடியும் இடம் என்று கண்ணில் படாத இடங்களில்.

ஆகவே வெளிப்புறப் பளபளப்பைவிட அடிப்பாகம்தான் எனக்கு முக்கியம். அங்கே ஒட்டிய சேறு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நன்றாகக் கழுவி, முழுதாகக் காயவிட்ட பிறகே நிறுத்துங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிறகு உள்குழிவுகளில் அதற்கான மெழுகை அடிக்கலாம். தகர பெட்ரோல் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே வியர்ப்பதும் குறையும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் ஷீட் வேண்டவே வேண்டாம், காற்று புகும் துணி உறை போதும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது, சைலன்சர் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கித் தகட்டை அரிக்கும்.