யாழ்ப்பாணம் முற்றவெளியின் வரலாறு என்ன? அரை நாளில் அங்கே எதையெல்லாம் பார்க்கலாம்?

சதுக்கம் என்று தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த இடமல்ல முற்றவெளி. கோட்டைக்கும் நகரத்துக்கும் நடுவே விட்டுவைத்த வெறும் தரை அது. அந்த வெறுமைக்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்த காலத்தில் போர்த்துக்கேயர் இங்கே கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658 இல் ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிறகு இடித்துவிட்டு ஐங்கோணமாகக் கட்டினார்கள். ஆகவே இன்று நீங்கள் பார்ப்பது ஒல்லாந்தர் கோட்டை. ஐந்து மூலையிலும் அம்பு முனைபோல நீட்டிக்கொண்டிருப்பவை கொத்தளங்கள். ஒரு கொத்தளத்துப் பீரங்கி, அடுத்த கொத்தளம் வரையுள்ள மதிலின் அடியைப் பக்கவாட்டில் சுடும். மதிலோடு ஒட்டி நின்றாலும் எதிரிக்கு ஒளிவிடம் கிடையாது. ஆனால் முன்னால் ஒரு வீடோ பனங்கூடலோ இருந்தால் இந்தக் கணக்கு பிழைத்துவிடும். கோட்டை முன்றிலைத் துப்புரவாக வைத்ததன் காரணம் அதுதான். வெளிச்சுற்று வேலைகள் 1792 இல்தான் முடிந்தன. மூன்றே வருடத்தில், 1795 இல், சண்டையே இல்லாமல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டியதற்கு இது வேடிக்கையான முடிவுதான்.

பீரங்கிக் காலம் போனபின் நகரத்தின் பொதுக் காரியங்கள் இந்த வெளியின் ஓரங்களில் வந்து அமர்ந்தன. 1875 இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக, மக்களிடம் பணம் சேர்த்து எழுப்பியது மணிக்கூட்டுக் கோபுரம். நடையை அங்கிருந்து தொடங்குங்கள். பிற்பகல் மூன்றரை மணி சரியான நேரம். பலர் செய்யும் பிழை காலை பத்து மணிக்கு நேரே கோட்டைக்குள் போவது. உள்ளே நிழல் மிகக் குறைவு, முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்லில்) பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசும், அரை மணியில் களைத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள்.

கோபுரத்திலிருந்து சில நிமிட நடையில் பொது நூலகம். 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்புச் சேகரத்திலிருந்து வளர்ந்தது அது. வெள்ளைக் குவிமாடக் கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அன்று அழிந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது சரியல்ல. அந்த நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டது, இன்றும் வாசிக்கலாம். அச்சேறாத சுவடிகள் போனதுதான் மீட்க முடியாத இழப்பு. உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேணும். வாசகர் நேரமும் பார்வையாளர் நேரமும் வேறு வேறு என்பதால் முதலில் வாசலில் கேளுங்கள். படம் எடுப்பதற்கும் அனுமதி கேட்பது நல்லது.

நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய நிதியில் எழுந்த 11 மாடிப் பண்பாட்டு மையம் நிற்கிறது. 2025 இல் அதற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். நிகழ்ச்சி ஏதும் இருந்தால் உள்ளே போங்கள், இல்லாவிட்டால் புல்லுக்குளக் கரையில் நின்று பார்த்தாலே போதும்.

அவசரத்தில் பலர் தவறவிடுவது 1974 நினைவுத்தூண்களை. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளான ஜனவரி 10 அன்று, வீரசிங்கம் மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்ததால் மேடையை வெளியே போட்டார்கள். பொலிசார் கூட்டத்துக்குள் புகுந்து கண்ணீர்ப்புகை வீசிச் சுட்டதில் மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. பெரிய சின்னமல்ல, தேடித்தான் பார்க்க வேணும். துரையப்பா விளையாட்டரங்கும் கோட்டை முனியப்பர் கோயிலும் இதே வெளியில்தான்.

ஐந்து மணிக்குள் கோட்டைக்குள் நுழையுங்கள். அகழியைக் கடந்து வாசலுக்குள் வந்ததும் மதிலின் கனத்தை நின்று கவனியுங்கள். உள்ளே ஒல்லாந்தரின் 1706ஆம் ஆண்டுச் சிலுவைத் தேவாலயம் இருந்தது. 1990 இல் உள்ளே இருந்த இராணுவத்தை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது சிதைந்து, இப்போது கற்குவியலாகக் கிடக்கிறது. பிறகு மதில்மேல் ஏறிக் கடல்நீரேரிப் பக்கம் நடந்தால் பண்ணைப் பாலமும் மண்டைதீவும் தெரியும், சூரியனும் அந்தப் பக்கமே விழும். விளிம்பில் எல்லா இடத்திலும் கைபிடி இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெய்தால் கல் வழுக்கும், வெளியிலும் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். இறங்கியதும் பண்ணைக் கரையில் கச்சான் வாங்கிக்கொண்டு காற்று வாங்கலாம். மத்திய பஸ் நிலையத்துக்கு அங்கிருந்து நடந்தே திரும்பிவிடலாம்.