தரைவிரிப்புக் குழாயில் ராக்கெட் கட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். பெரிய மோட்டார் ராக்கெட்டுகளைப் பறக்கவிடத் தேவையான முதல் நிலைச் சான்றிதழுக்காக எச் வகை மோட்டாரில் பறக்கும் ராக்கெட் ஒன்று கட்டுகிறேன். தரைவிரிப்பு சுற்றி வந்த அட்டைக் குழாய் (நீளம் 120 செ.மீ., விட்டம் 10 செ.மீ.) கிடைத்தது. காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையில் துடுப்புகளை அறுக்கலாம் என்றிருக்கிறேன். அட்டையைவிட பி.வி.சி. குழாய் உறுதியானது என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: குழாய் தாங்கும். பலகை வேண்டாம். பி.வி.சி. பக்கமே போகாதீர்கள்: மோட்டார் வெடித்தால் அட்டை கிழிந்துவிடும், பி.வி.சி. கூரிய சில்லுகளாகத் தெறிக்கும், சுற்றி ஆட்கள் நிற்பார்கள்.

பலகை பாலிஎதிலீனால் ஆனது. அதில் எபாக்ஸி பசை பிடிக்காது. வேகத்தில் துடுப்பு படபடக்கும். 6 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் துடுப்பை அறுத்து, குழாய்ச் சுவரில் வெட்டிய பிளவு வழியே உள்ளே நுழைத்து, மோட்டாரைத் தாங்கும் உள்குழாயோடு சேர்த்து ஒட்டுங்கள்.

உங்களுக்கு உண்மையான தொல்லை எடைதான். குழாய்ச் சுவர் 4 மி.மீ. இருந்தால் குழாய் மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். மோட்டாரோடு மொத்தம் 2.8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 27 நியூட்டன். சராசரி உந்துவிசை எடையைப் போல் மூன்று மடங்காவது வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி அமைப்பின் பாதுகாப்பு விதி. ஐந்து மடங்குக்குக் குறைவாக நான் ஏவுவதில்லை. உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 140 நியூட்டன். எச் என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு) 160க்கு மேல் 320 நியூட்டன்-நொடி வரை என்பதை மட்டுமே சொல்கிறது. சராசரி உந்துவிசையைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். கடையில் அதைப் பார்த்து வாங்குங்கள். மோட்டாரை ஒருபோதும் வீட்டில் செய்ய முயலாதீர்கள்.

மோட்டார், பாராசூட் எல்லாவற்றையும் ஏற்றியபின் ராக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த இடத்தில் கட்டினால் அது கிடைமட்டமாக நிற்கிறதோ அதுவே ஈர்ப்பு மையம். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அழுத்த மையத்தை, அதாவது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியை, கணக்கிட்டுத் தரும். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னால் குறைந்தது ஒரு விட்டம், அதாவது 10 செ.மீ., இருக்க வேண்டும். குறைந்தால் மூக்கில் எடை சேருங்கள். சேர்த்த பிறகு உந்துவிசைக் கணக்கை மறுபடி போடுங்கள்.

சுமார் 140 செ.மீ. விட்டமுள்ள பாராசூட் போதும், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறக்கிவிடும். அட்டைக் குழாய்க்கு ஆபத்து அது விரியும் கணத்தில்தான். என் இரண்டாவது ராக்கெட்டில் பாராசூட் தாமதமாக விரிந்தது. பாராசூட்டை ராக்கெட்டோடு இணைக்கும் கயிறு குழாயின் விளிம்பை ஒரு சாண் நீளம் கத்திபோல் கிழித்துக்கொண்டு இறங்கியது. அதனால் கயிறு ராக்கெட்டின் நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கட்டும். குழாயின் மேல் விளிம்பில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர்போன்ற சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையை ஊறவிடுங்கள். காய்ந்தபின் நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக்கைப் போல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னொரு முறை ஊறவிடுங்கள்.