மின்சாரக் கார்களை முழுவதும் ரோபோக்களே செய்கின்றனவா?

ரோபோக்களே முழுவதையும் செய்கின்றனவா, அப்படிச் செய்யப்பட்ட கார் திருகோணமலையின் உப்புக் காற்றைத் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். முழுவதையும் அவை செய்வதில்லை.

பாரிய அழுத்த இயந்திரங்கள் உருக்கு, அலுமினியத் தகடுகளை வடிவமைக்க, ரோபோக் கைகள் அவற்றைப் பற்றவைத்து உடற்கூட்டை உருவாக்குகின்றன. டெஸ்லா நிறுவனம் 2020இல், மொடல் வை காரின் பின்புற அடிச்சட்டத்தைப் பல சிறு பாகங்களாக இணைப்பதை விடுத்து, உருகிய அலுமினியத்தை உயர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்க்கத் தொடங்கியது. உற்பத்தி விரைவடையும் என்றாலும், விபத்தில் வார்ப்பு உடைந்தால் திருத்துவது எளிதன்று என்பதால் வாங்குபவருக்கு இது முழு இலாபம் என்று நான் சொல்லமாட்டேன்.

திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வசிப்பவர் கவனிக்கவேண்டிய கட்டம் அடுத்தது. உடற்கூடு முழுவதும் பூச்சுக் கரைசல் நிரம்பிய தொட்டியில் அமிழ்த்தப்பட்டு மின்னோட்டம் செலுத்தப்படுகையில், விசிறிப் பூசும் வண்ணம் எட்டாத உட்குழிவுகளிலும் துருத்தடுப்புப் பூச்சு படிகிறது. பின்னர் அது சூளையில் சுடப்பட்டு இறுகுகிறது. (பெற்றோல் கார்களுக்கும் இதே முறைதான்.) ஆயினும் கல் தெறித்துப் பூச்சு உரிந்த இடத்தில் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும், அடிப்பகுதியை நன்னீரால் அடிக்கடி கழுவுவது அவசியம்.

பற்றரிப் பொதியில் கலங்களை (மின்னைச் சேமிக்கும் சிறு அலகுகளை) அடுக்குதல், லேசரால் பற்றவைத்தல், கசிவுச் சோதனை ஆகியவை துல்லியம் வேண்டுவதால் பெரும்பாலும் இயந்திரங்களிடமே உள்ளன. நெளியும் வயர்த்தொகுதிகளையும் உட்புற விரிப்புகளையும் பொருத்துவதில்தான் ரோபோக்கள் தடுமாறுகின்றன. அங்கே இன்றும் மனிதரே நிற்கின்றனர். டெஸ்லாவில் அளவுமீறிய தானியங்கிமயம் தவறு என்று அதன் தலைவர் ஈலோன் மஸ்க்கே 2018இல் ஒப்புக்கொண்டார்.