வெளிநாட்டு மருத்துவப் பணி: எந்த விசா, யாருக்கு?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யு.வில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். கணவரையும் 3 வயது மகளையும் கூடவே அழைத்துப் போக வேண்டும். பிரிட்டனா, ஜெர்மனியா? எங்கே விசா சீக்கிரம் கிடைக்கும்?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டு நாட்டுக்குமே விசா கடைசிப் படிதான். மாதக்கணக்கில் இழுப்பது மொழித் தேர்வும் செவிலியர் பதிவும். உங்கள் ஆங்கிலம் ஓரளவு நன்றாக இருந்தால் பிரிட்டன் முந்தும்.

அங்கே பதிவு தருவது என்.எம்.சி. எனும் செவிலியர் கவுன்சில். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 'பி', எழுதுவதில் 'சி பிளஸ்' வேண்டும். அடுத்து சி.பி.டி. என்ற கணினித் தேர்வு, இந்தியாவிலேயே எழுதலாம். கணக்குப் பகுதியில் 15 கேள்வி, நர்சிங் பகுதியில் 100. மருந்தளவுக் கணக்கை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். பிறகு வேலை, அதன்பின் மருத்துவமனை தரும் சி.ஓ.எஸ். எனும் ஸ்பான்சர் எண். அது கையில் வந்த 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காசநோய்ச் சான்றிதழ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். செய்முறைத் தேர்வான ஆஸ்கி, அங்கே போன பிறகு.

சி.ஓ.எஸ்.ஸில் 'ஹெல்த் அண்ட் கேர்' விசாவுக்குத் தகுதி உண்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது. இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு. உங்கள் மூவருக்கும் 3 ஆண்டுக் கணக்குப் போட்டால் 8,538 பவுண்டு! அதோடு, செலவுக்குப் பணம் காட்டும் இடத்தில்தான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. மருத்துவமனை பொறுப்பேற்காவிட்டால் உங்களுக்கு 1,270, கணவருக்கு 285, மகளுக்கு 315 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

ஜெர்மனிக்குப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் நிலை, வேண்டும். அடியிலிருந்து தொடங்கினால் 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும். உங்கள் படிப்பை அங்குள்ள மாநில அலுவலகம் ஒப்பிட்டுப் பார்த்து, எதெது குறைகிறது என்று ஒரு கடிதம் தரும். இந்தியப் படிப்புக்குப் பெரும்பாலும் ஏதாவது குறை எழுதுவார்கள், பதறத் தேவையில்லை. அங்கே போய், குறையை ஈடுகட்டும் தழுவல் பயிற்சி முடிக்கலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம். தேர்வில் தவறினால் ஒருமுறைதான் மறுவாய்ப்பு. முழு அங்கீகாரம் வரும்வரை உதவிச் செவிலியர் சம்பளம்தான். குடும்பத்தை அழைக்க வீடும் வருமானமும் காட்ட வேண்டும் என்பதால் முதல் ஓராண்டு தனியாக இருக்க நேரலாம்.

ஆனால் நிரந்தர வசிப்புரிமையில் ஜெர்மனி கை ஓங்குகிறது. அங்கீகாரம் பெற்ற திறன் பணியாளருக்கு 3 ஆண்டில் வழி உண்டு. பிரிட்டனில் 5 ஆண்டு என்று இருந்ததை 10 ஆக்கும் திட்டத்தை 2025 மே வெள்ளை அறிக்கை முன்வைத்தது. பழைய 5 ஆண்டுக் கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: பிரிட்டனில் முதியோர் இல்லத்தில் 'கேர் விசா' வாங்கித் தர ஒரு ஏஜென்ட் 12 லட்சம் கேட்கிறார். அங்கே போனதும் நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்கிறார். நம்பலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். கேர் ஒர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் நிறுத்திவிட்டது. சி.ஓ.எஸ். கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். ஊழியர் தலையில் கட்டுவது அங்கே தடை செய்யப்பட்டது. இந்தியாவிலும், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

யாராவது சி.ஓ.எஸ். நகலை நீட்டினால் வேலைக் குறியீட்டைப் பாருங்கள். 6135 என்றால் கேர் ஒர்க்கர், 6136 என்றால் சீனியர் கேர் ஒர்க்கர். நர்ஸ் வேலைக்கான குறியீடுகள் 22 என்று தொடங்கும். நிறுவனத்தின் பெயர் பிரிட்டன் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரிலும் போலிக் கடிதம் அடிக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு நீங்களே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த எனக்கு அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவப் பயிற்சி இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஜே-1 நல்லதா, ஹெச்-1பி நல்லதா?
– மருத்துவர், கோவை

பதில்: பல மருத்துவமனைகள் ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசா மட்டும்தான் தருகின்றன, அங்கே வேறு வழியே இல்லை. ஹெச்-1பி எனும் வேலை விசா வேண்டுமென்றால், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் மூன்றாம் படியை முன்கூட்டியே தாண்டியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற உத்தரவு வந்தது. அதைக் கொடுத்து உங்களை அழைக்க மருத்துவமனை தயாரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜே-1-இன் முள், பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு இந்தியாவில் வாழ வேண்டும் என்ற விதி. 'ஊருக்குத் திரும்பத் தேவையில்லை' என்று இந்திய அரசிடம் கடிதம் வாங்கி இதிலிருந்து தப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு அந்த வழியை அமெரிக்கச் சட்டமே அடைத்துவிட்டது. நடைமுறையில் உள்ள வழி கான்ராட் 30: ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்கு விலக்குக்குப் பரிந்துரைக்கலாம். மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம் வேண்டும். போட்டி அதிகமான மாநிலங்களில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே வேலை தேடுங்கள்.

துணைவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஜே-1 மேல். அதன் துணைவர் விசாவான ஜே-2-இல் வேலை அனுமதி கேட்கலாம். ஹெச்-1பி-யின் துணைவர் விசாவான ஹெச்-4-இல் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டும்வரை பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: பிரிட்டனில் 2 ஆண்டாக நர்ஸாக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு மாற மறுபடி என்க்ளெக்ஸ் என்ற நர்சிங் தேர்வு எழுத வேண்டுமா?
– வாசகி, பர்மிங்காம்

பதில்: வேண்டியிருக்காது. 2025 ஏப்ரல் முதல் உள்ள விரைவுப் பாதையில், 2017-க்குப் பிறகு பிரிட்டன் போன்ற ஒப்பீட்டு நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸாக 1,800 மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். ஆஸ்கி தேறும் முன் உதவியாளராகப் பார்த்த மணிகளைச் சேர்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் 482 வேலை விசாவில் வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட 180 நாள் கிடைக்கும். பிரிட்டனில் பொதுவாக 60 நாள்தான். நன்னடத்தைச் சான்றை என்.எம்.சி.யும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலும் நேரடியாக ஆஸ்திரேலிய வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னையிலிருந்து வருவது தாமதமாகலாம் என்பதால் அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள்.