நியூயார்க் அரசுப் பள்ளியில், ஆங்கிலம் சரியாக வராத பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். அமெரிக்காவிலேயே பெரிய பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதி) நியூயார்க் நகரம்தான், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சேர்க்கைக்குப் போனதுமே வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஆங்கிலம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், நம்மவர்கள் நிறையப் பேர் கௌரவத்துக்காக அப்படித்தான் எழுதுகிறார்கள். தமிழ் என்று எழுதினால்தான் பிள்ளைக்கு மொழித் தேர்வு வைத்து, தேவைப்பட்டால் தனி ஆங்கிலப் பயிற்சி கொடுப்பார்கள். அது பிள்ளையின் உரிமை, விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்பானிஷ், சீனம் போன்ற மொழிகளில் இருமொழி வகுப்புகளும் உண்டு. புதிதாக நாட்டுக்கு வந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்றே சில உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே கணக்கும் அறிவியலும் நடத்தும்போதே ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்றுத்தருவார்கள். 2017 முதல் எல்லாருக்கும் மதிய உணவு இலவசம், வருமானம் கேட்பதில்லை.

தொடக்கப் பள்ளி பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பொறுத்தது. உயர்நிலைப் பள்ளிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். உங்களுக்குப் பிடித்த பள்ளிகளை வரிசையாகக் கொடுத்தால் கணினி பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும், பின்னாளில் நோபல் வாங்கிய பொருளியலாளர் ஆல்வின் ராத் உள்ளிட்டோர் வடிவமைத்த முறை அது. இங்கே தந்திரம் எதுவும் வேண்டாம். கிடைக்காதோ என்று பயந்து பிடித்த பள்ளியைக் கீழே தள்ளாதீர்கள், முதலில் போட்டு அது கிடைக்காமல் போனாலும் அடுத்ததில் உங்கள் வாய்ப்பு குறையாது.

அப்புறம், பள்ளியில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேளுங்கள், காசு கிடையாது.