பரம்பரை நரம்பு, தசை நோய் இருக்கவங்க எக்சர்சைஸ் பண்ணலாமா? உங்க கேள்விகளும் என் பதிலும்

இந்த தடவ வந்த கேள்வி எல்லாத்துக்கும் அடியில ஒரே பயம்தான் இருக்கு, அசைச்சா நோய் கூடிருமோ, சும்மா கெடந்தா சதை வத்திருமோன்னு. ரெண்டுமே நியாயமான பயம். பிசியோவா நான் எல்லார்கிட்டயும் கேக்குறது ஒண்ணுதான், எக்சர்சைஸ் பண்ண மறுநாள் காலைல எந்திரிக்கும்போது கால் எப்படி இருந்துச்சு?

"அண்ணே, எனக்கு 28 வயசு, பாம்பன். சிஎம்டிங்கிற நரம்பு நோய்னு மதுரைல சொல்லிட்டாங்க, அப்பாவுக்கும் இதே கால்தான். மீன்பிடி தடைக்காலத்துல ஜிம்முக்குப் போலாமா?"

தாராளமா போங்க தம்பி. ஆனா மெலிஞ்ச கெண்டைக்கால தேத்திப்புடலாம்னு போகாதீங்க. சார்கோ, மேரி, டூத்னு 1886ல இந்த நோயப் பத்தி எழுதுன மூணு டாக்டருங்க பேருதான் சிஎம்டி. முதுகுத்தண்டுலருந்து கால் விரல் வரைக்கும் போற நரம்பு கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம், நீளமான நரம்புதான் இதுல முதல்ல கெடும், அதனாலதான் பாதம் தொங்குது, அப்புறம் கைவிரல்ல வலுவு குறையுது. தொடை, இடுப்பு, முதுகுக்குப் போற நரம்பு குட்டை, அங்க இருக்க சதை இன்னும் சொன்ன பேச்சு கேக்கும், உங்க உழைப்ப அங்க போடுங்க. 12 தடவ நிதானமா தூக்க முடியுற வெயிட், வாரத்துக்கு 2 இல்ல 3 நாள், நடுவுல ஒருநாள் கண்டிப்பா லீவு. வலி 2 நாளுக்கு மேல நின்னாலோ, மறுநாள் வழக்கமா ஏறுற படியில தடுமாறுனாலோ, அது உங்களுக்கு ஓவர். நானே ஆரம்பத்துல ஒருத்தர குதிகால் தூக்கி நிக்க வச்சு 50 எண்ணச் சொல்லி, அவரு 4 நாள் வல்லத்துல ஏற முடியாம வீட்டுல கெடந்தாரு, அந்தத் தப்பு என்னோடது, அதுக்கப்புறம் நான் யாருக்கும் எண்ணிக்கைய மட்டும் பாத்து சொல்றதில்ல.

ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இருக்கு, வலு கூடுறது தெரியுற அளவுக்கு அது போதும். தொழிலுக்குப் போக ஆரம்பிச்சதும் ஜிம்ம கொறச்சிருங்க, வலை இழுக்குறதே வெயிட் தூக்குறதுதான். நடக்கணும்னா சாயங்காலம் அரியமான் மாதிரி அலை இல்லாத கரையா பாத்து ஈரமணல்ல நடங்க, செருப்போட. திரும்பிப் பாத்தா தடம் தெரியும். கட்டவிரலுக்கு முன்னாடி மணல்ல கோடு இழுத்தாப்ல விழ ஆரம்பிச்சா பாதம் தூக்க முடியாம இழுபடுதுன்னு அர்த்தம், அன்னைக்கு அத்தோட போதும். கோடு சீக்கிரமே விழுதுன்னா பாதத்தத் தூக்கிப் புடிக்குற ஸ்ப்ளின்ட் போட்டுப் பாக்கணும், அத போட வெக்கப்படாதீங்க.

"சின்னப்பாலம். கடல்பாசி எடுக்கப் போறேன், மாசத்துல 12 நாளு. எனக்கும் அதே சீக்குதான். இம்புட்டு வேலை பாக்குறேனே, தனியா வேற எக்சர்சைஸ் பண்ணணுமாக்கும்?"

பண்ணணும்க்கா. தண்ணிக்குள்ள நீங்க குனியுறீங்க, பிடுங்குறீங்க, அது கைக்கும் இடுப்புக்கும்தான் வேலை, விழாம நிக்குறதுக்கு வேண்டிய பலம் அதுல வராது. கடலுக்குப் போகாத நாள்ல ஒண்ணுவிட்டு ஒருநாள், சேர்ல கையூண்டாம 10 தடவ உக்காந்து எந்திரிங்க, மல்லாந்து படுத்து இடுப்ப தூக்குங்க, நெலப்படிய புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க. கடலுக்குப் போற நாள்ல கெண்டைக்கால நீட்டி விடுறது மட்டும் போதும்.

இதவிட எனக்கு உங்க பாதத்த நெனச்சாத்தான் கவலை. விரல்ல துணி சுத்துறீங்க, காலுக்கு என்ன போடுறீங்க? செருப்பு கழண்டு போனதே தெரியலன்னு எழுதியிருக்கீங்க, அப்போ கடலடில இருக்க பார் கல்லு கிழிச்சாலும் தெரியாது. கெட்டியான ரப்பர் ஷூ போட்டு எறங்குங்க, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல விரலிடுக்கு வரைக்கும் பாருங்க, முடியலன்னா மக கிட்ட பாக்கச் சொல்லுங்க. வெந்நீர் ஒத்தடம் வேணாம், சூடு தெரியாம வெந்துரும்.

"மகனுக்கு 7 வயசு, டுஷேன் தசை நோய்னு சொல்லிட்டாக. மத்த புள்ளைகளோட ஓடுறான், தடுக்கவா விடவா?"

விளையாட விடுங்கம்மா, அவனே உக்காந்தா எழுப்பாதீங்க. இது நரம்புல இல்ல, சதையிலயே இருக்க கோளாறு, அதனால மேல தம்பிக்கு சொன்ன வெயிட் கணக்கு இவனுக்கு வேணாம். உசரத்துலருந்து குதிக்குறது, படியில தடதடன்னு எறங்குறது, தோப்புக்கரணம் இதெல்லாம் சதை நீளும்போதே பாரம் ஏத்துறது, அதுல சதை கிழியுது. பெரியவங்க ஒருத்தர் கூட நின்னு இடுப்பளவு தண்ணில விளையாட விட்டா ரொம்ப நல்லது. குதிகால் தசைநார தெனமும் நீட்டி விடுங்க. ஒண்ணுக்கு கோலா கலர்ல போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிருங்க. ஸ்டீராய்டு மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, ஹார்ட் எக்கோவையும் விட்டுறாதீங்க.

"நரம்பு ஊசி போட்டா எக்சர்சைஸ் இல்லாமலே பலம் வருமா?"

வராது. நரம்பு ஊசின்னு சொல்றது பெரும்பாலும் பி12 வைட்டமின்தான், அது கொறவா இருந்தா போடணும், அத ரத்தத்துல பாத்துட்டுப் போடுங்க, ஆனா பரம்பரைக் கோளாறு அதுல மாறாது. பி6 மாத்திரைய பவர் கூட்டி மாசக்கணக்குல முழுங்குனா அதுவே நரம்பக் கெடுக்கும்.

"தொண்டிலருந்து எழுதுறேன், 58 வயசு. இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது?"

ஐயா, திண்ணையிலருந்து கைய ஊண்டாம எந்திரிக்க முடியுதான்னு இன்னைக்கு பாருங்க. முடியலன்னா ரெண்டு தலகாணி போட்டு உசரத்த கூட்டி 5 தடவ, ஒருநாள் விட்டு ஒருநாள். அது லேசானதும் ஒரு தலகாணிய எடுத்துருங்க, அப்புறம் எனக்கு எழுதுங்க.